நாற்பத்தாறு வயதில் ஒரு சாம்பியன்

கார்ட் பந்தயங்களை நடத்தும் மன்றங்களில், புதிய பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. பொழுதுபோக்காகப் பந்தயம் ஓட்டும் மூத்தவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அந்தப் பிரிவின் வாசலை எந்த வயதில் திறப்பது, எந்த வயதில் மூடுவது என்பதில்தான் சிக்கல். ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் போட்டிகளில் டிடி2 மாஸ்டர்ஸ் என்னும் பிரிவில் சேர 32 வயது தேவை. வேறிடங்களில் இந்த எல்லை 30 ஆகவோ 35 ஆகவோ 40 ஆகவோ இருக்கிறது. குறிப்பிட்ட வயதுக்கு மேல் எவரையும் தடத்தில் அனுமதிக்கவே கூடாது என்று வாதிடுவோரும் உண்டு.

ஐம்பதைக் கடந்த பின்னர் கார்ட்டில் அமர்ந்தவன் என்ற முறையில் இந்த வாதம் என்னையும் தொடுகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு மனிதரின் வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது. அவர் கார்ட் பந்தயங்களில் வளர்ந்தவர் அல்லர். அவர் புகழின் உச்சியில் இருந்தபோதுதான் கார்ட் என்ற வண்டியே பிறந்தது. அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும், வயதை வைத்து ஒரு ஓட்டுநரை எவ்வளவு தூரம் அளக்கலாம் என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் அர்ஜென்டீனாவின் ஹுவான் மேனுவல் ஃபாஞ்சியோ.

1911-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி, பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தில் உள்ள பால்கார்சே என்ற சிற்றூரில் ஃபாஞ்சியோ பிறந்தார். உருளைக்கிழங்கு விளையும் ஊர் அது. அவருடைய பெற்றோர் இத்தாலியின் அப்ரூஸ்ஸோ பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தந்தை கட்டடங்களில் வேலை செய்த தொழிலாளி. ஆறு பிள்ளைகளில் நான்காமவரான ஃபாஞ்சியோ, பள்ளிப் பருவம் முடியும் முன்பே மோட்டார் பணிமனையில் எடுபிடியாகச் சேர்ந்தார். தரையைக் கூட்டுவதில் தொடங்கி, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவது வரை அங்கேதான் கற்றார்.

பதின்ம வயதில் கடும் நுரையீரல் அழற்சி அவரைத் தாக்கியது. பிழைப்பாரா என்ற ஐயம் எழும் அளவுக்கு நோய் முற்றியது. நெடுநாள் படுக்கையில் கிடந்தவரைத் தாயின் பராமரிப்புத்தான் மீட்டெடுத்தது. உடல் தேறிய பிறகு கால்பந்து ஆடினார். கால்கள் சற்று வளைந்திருந்ததால் ஊர்ப் பிள்ளைகள் அவரை வளைகாலன் என்று பொருள்படும் பட்டப் பெயரால் அழைத்தார்கள். பின்னாளில் உலகமே போற்றிய காலத்திலும் சொந்த நாட்டில் அந்தச் செல்லப் பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. கட்டாய ராணுவச் சேவையில் அதிகாரியின் கார் ஓட்டுநராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய அவர், நண்பர்களுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு பணிமனை தொடங்கினார்.

அவருடைய முதல் கார் பந்தயம் 1936-இல் நடந்தது. அப்போது அவருக்கு வயது 25. ஓட்டிய வண்டி, நண்பரின் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு பழைய ஃபோர்டு வாடகைக் கார். வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் தம் கால்பந்து மன்றத்தின் பெயரைப் புனைபெயராகச் சூட்டிக்கொண்டு ஓட்டினார். வண்டி பழுதானதால் பந்தயத்தை முடிக்க இயலவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இன்றைய பந்தய உலகில் 25 வயது என்பது முதல் பந்தயத்துக்கு மிகத் தாமதமான வயது. லூயிஸ் ஹாமில்டன் கார்ட் ஓட்டத் தொடங்கியபோது அவருக்கு வயது எட்டு. மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அறிமுகமானபோது அவருக்கு வயது 17. அதன் பிறகுதான் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு, அந்த உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 18 என்று விதி செய்தது. இப்படிப்பட்ட ஓர் உலகில் 25 வயதில், இரவல் வாடகைக் காரில், முதல் பந்தயத்தை முடிக்கத் தவறிய ஒரு மெக்கானிக்கை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

பால்கார்சே மக்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் கூடிப் பணம் திரட்டி அவருக்கு ஒரு ஷெவர்லே காரை வாங்கிக் கொடுத்தது. அக்காலத்து அர்ஜென்டீனப் பந்தயங்கள் வட்டத் தடத்தில் நடப்பவை அல்ல. ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு, புழுதியும் சேறும் மலைப்பாதையுமாக நாட்கணக்கில் நீள்பவை. 1940-இல் பியூனஸ் அயர்ஸிலிருந்து பெரு நாட்டின் லிமா நகரம் வரை சென்று திரும்பும் பந்தயம் நடந்தது. மொத்தத் தூரம் ஏறத்தாழ 9,500 கிலோமீட்டர். ஆண்டிஸ் மலையின் மெல்லிய காற்றில் மனிதரும் மூச்சுத் திணற வேண்டும், இயந்திரமும் மூச்சுத் திணற வேண்டும். பகலெல்லாம் ஓட்டிவிட்டு, வண்டியைத் தாமே பழுது பார்த்து, மறுநாள் மீண்டும் ஓட்ட வேண்டும். அந்தப் பந்தயத்தை ஃபாஞ்சியோ வென்றார். 1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசிய சாம்பியன் பட்டம் அவருக்குக் கிடைத்தது.

அப்போது உலகப் போர் குறுக்கிட்டது. டயர் இல்லை, எரிபொருள் இல்லை. 1942-இல் அர்ஜென்டீனாவில் பந்தயங்கள் நின்றுபோயின. மீண்டும் அவர் போட்டிக்குத் திரும்பியது போர் முடிந்த பிறகுதான். ஒரு பந்தய வீரரின் பொற்காலம் என்று இன்று நாம் கருதும் முப்பது முதல் முப்பத்தைந்து வரையிலான வயது, பணிமனையிலும் பழைய வண்டிகளை வாங்கி விற்பதிலும் கழிந்துவிட்டது. இழந்த அந்த ஆண்டுகளை எண்ணி அவர் முடங்கிவிடவில்லை.

1948-இல் பியூனஸ் அயர்ஸிலிருந்து வெனிசுவேலாவின் கராக்கஸ் வரை நடந்த நெடும் பந்தயத்தில் பேரிடி விழுந்தது. பெரு நாட்டில் அவருடைய வண்டி சாலையை விட்டு விலகி உருண்டது. உடன் பயணித்த நண்பர் டேனியல் உருட்டியா உயிரிழந்தார். ஃபாஞ்சியோவுக்கு அப்போது வயது 37. நண்பரைப் பறிகொடுத்த குற்ற உணர்வில் பந்தயத்தை விட்டே விலகிவிடலாம் என்று அவர் எண்ணியதுண்டு. அந்த முடிவை அவர் எடுத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உலகமும் அவர் பெயரை அறிந்திருக்காது.

மாறாக, மறு ஆண்டு அர்ஜென்டீன மோட்டார் மன்றத்தின் ஆதரவோடு ஐரோப்பாவுக்குச் சென்றார். சான் ரெமோ, பாவ், பெர்பிஞ்ஞான், மார்செய், ஆல்பி, மான்ஸா என்று ஒரே பருவத்தில் ஆறு வெற்றிகள். ஐரோப்பியத் தடங்களில் முழுப் பருவம் ஓட்டியது அதுவே முதல் முறை. 38 வயதில் அவர் ஒரே சமயத்தில் புதுமுகமாகவும் பழுத்த அனுபவசாலியாகவும் இருந்தார். வயது ஒன்றைச் சொல்லியது. அனுபவம் வேறொன்றைச் சொல்லியது. மூத்தோர் பிரிவுக்கு விதி எழுதுவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே.

1950-இல் உலக சாம்பியன் பட்டப் போட்டி பிறந்தது. முதல் பந்தயம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில், மே 13-இல் நடந்தது. ஆல்ஃபா ரோமியோ அணியின் மூன்று முக்கிய ஓட்டுநர்களைப் பாருங்கள். ஜுசெப்பே ஃபாரினாவுக்கு வயது 43. ஃபாஞ்சியோவுக்கு 38. லூய்ஜி ஃபாஜியோலிக்கு 51. அந்த ஆண்டின் பட்டம் ஃபாரினாவுக்குச் சென்றது. ஃபாஞ்சியோ இரண்டாம் இடம், ஃபாஜியோலி மூன்றாம் இடம். மறு ஆண்டு பிரான்ஸில் நடந்த பந்தயத்தில் ஃபாஜியோலியும் ஃபாஞ்சியோவும் ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டி வென்றார்கள். அப்போது ஃபாஜியோலிக்கு வயது 53. அந்த வயதில் ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றை வென்றவர் வேறு எவரும் இல்லை. 1955-இல் மொனாக்கோ பந்தயத்தில் லூயி ஷிரோன் 55 வயதில் கலந்துகொண்டு ஆறாம் இடம் பெற்றார்.

போர் ஒரு தலைமுறை இளைஞர்களை விழுங்கியதால்தான் முதியவர்களுக்கு இடம் கிடைத்தது என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், 1950-களின் நடுவில் புதிய தலைமுறை வந்து சேர்ந்துவிட்டது. ஸ்டர்லிங் மாஸ், மைக் ஹாதோர்ன், பீட்டர் காலின்ஸ் போன்ற இருபது வயது இளைஞர்கள் களத்தில் நின்றார்கள். அவர்களையும் ஃபாஞ்சியோ வென்றார் என்பதே வரலாறு.

1951-இல், 40 வயதில், முதல் உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு நேர்ந்த விபத்து அவருடைய வாழ்வின் மற்றொரு திருப்பம். 1952 ஜூன் மாதத்தில் வட அயர்லாந்தில் ஒரு பந்தயத்தில் ஓட்டிவிட்டு, மறுநாள் இத்தாலியின் மான்ஸாவில் ஓட்ட ஒப்புக்கொண்டிருந்தார். பாரீஸிலிருந்து விமானம் கிடைக்கவில்லை. இரவு முழுவதும் தாமே காரை ஓட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தார். பந்தயம் தொடங்கச் சிறிது நேரமே இருந்தபோது மான்ஸாவை அடைந்து, ஓய்வின்றித் தடத்தில் இறங்கினார். இரண்டாவது சுற்றில் கார் கட்டுப்பாட்டை இழந்தது. கழுத்தெலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தின் எஞ்சிய மாதங்கள் மருத்துவமனையிலும் ஓய்விலும் கழிந்தன.

விபத்துக்குக் காரணம் களைப்பு என்பதை அவர் மறைத்ததில்லை. அவருக்கு அப்போது 40 வயது நிறைந்திருந்தது. ஆனால் ஓர் இரவு முழுவதும் உறங்காதவர் இருபது வயதினராக இருந்திருந்தாலும் அதே வளைவில் அதே தவறு நேர்ந்திருக்கக் கூடும். பந்தயத் தடத்தில் ஆபத்தை உண்டாக்குபவை உறக்கமின்மை, நீரிழப்பு, கவனிக்காத இதய நோய், மங்கிய கண்பார்வை போன்றவை. இவற்றில் சில வயதோடு சேர்ந்து வருகின்றன என்பது உண்மை. அவற்றைக் கண்டறியும் கருவி மருத்துவரிடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் இல்லை.

மான்ஸா விபத்துக்குப் பின் கழுத்தை முழுதாகத் திருப்ப அவரால் முடியவில்லை. மேல் உடலையே சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த உடலோடுதான் 1954, 1955, 1956, 1957 என்று தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்றார். மஸராட்டி, மெர்சிடீஸ், ஃபெராரி, மீண்டும் மஸராட்டி என்று அணிகள் மாறின, பட்டம் மாறவில்லை.

மூத்தவர்களுக்கு வெப்பத்தைத் தாங்கும் வலிமை இல்லை என்ற வாதத்துக்கு 1955 ஜனவரியில் பியூனஸ் அயர்ஸில் நடந்த பந்தயம் ஒரு மறுமொழி. கோடையின் கொடும் வெயில். மூன்று மணி நேரப் பந்தயம். ஓட்டுநர்கள் ஒருவர்பின் ஒருவராக மயங்கும் நிலையில் வண்டியை விட்டு இறங்கி, மாற்று ஓட்டுநரிடம் ஒப்படைத்தார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை மாற்று ஓட்டுநர் இன்றி ஓட்டியவர்கள் இருவர் மட்டுமே. இருவரும் அந்த வெயிலில் வளர்ந்த அர்ஜென்டீனர்கள். அவர்களில் ஒருவரான ஃபாஞ்சியோ, வண்டியின் கொதிக்கும் குழாய் காலைச் சுட்டுப் புண்ணாக்கியபோதும் ஓட்டி முடித்து வென்றார். அப்போது அவருக்கு வயது 43. அதே ஆண்டு இத்தாலியின் மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில், வழிகாட்டி எவரும் இன்றித் தனியாக ஓட்டி இரண்டாம் இடம் பெற்றார்.

1956 இறுதியில் மான்ஸாவில் நடந்ததைச் சொல்லாமல் இந்த வாழ்க்கை முழுமை பெறாது. ஃபாஞ்சியோவின் வண்டி பழுதாகி நின்றுவிட்டது. அதே ஃபெராரி அணியில் இருந்த பீட்டர் காலின்ஸுக்கும் பட்டம் வெல்லும் வாய்ப்பு இருந்தது. 24 வயதான அந்த இளைஞர் பழுது பார்க்கும் நிறுத்தத்தில் தாமாகவே இறங்கி, தம் காரை மூத்தவரிடம் கொடுத்தார். ஃபாஞ்சியோ இரண்டாம் இடம் பெற்றுப் பட்டத்தைக் கைப்பற்றினார். தமக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று காலின்ஸ் கருதினார். இளமைக்கும் முதுமைக்கும் இடையே பந்தயத் தடத்தில் நிகழ்ந்த பெருந்தன்மையான பரிமாற்றம் அது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் காலின்ஸ் நூர்பர்க்ரிங் தடத்தில் உயிரிழந்தார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அந்த நூர்பர்க்ரிங்கில்தான், 1957 ஆகஸ்ட் 4-இல், ஃபாஞ்சியோ தம் வாழ்நாளின் சிறந்த பந்தயத்தை ஓட்டினார். ஜெர்மனியின் காடுகளுக்கிடையே ஏறி இறங்கும் அந்தத் தடத்தின் ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர். மொத்தம் 22 சுற்றுகள். எதிரணியில் ஃபெராரியின் ஹாதோர்ன், வயது 28. காலின்ஸ், வயது 25. ஃபாஞ்சியோவின் மஸராட்டி பாதி எரிபொருளோடு இலகுவாகப் புறப்பட்டு, நடுவில் நின்று எரிபொருளும் புதுச் சக்கரங்களும் பெறுவதாகத் திட்டம். நிறுத்தத்தில் பணியாளர்கள் தாமதித்துவிட்டார்கள். முன்னிலையில் இருந்தவர் தடத்துக்குத் திரும்பியபோது ஏறத்தாழ முக்கால் நிமிடம் பின்தங்கியிருந்தார்.

பிறகு நடந்தது பந்தய வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. சுற்றுக்குச் சுற்று அவர் தடத்தின் சாதனை நேரத்தை முறியடித்துக்கொண்டே வந்தார். அந்த வார இறுதியில் தகுதிச் சுற்றில் அவரே எடுத்த நேரம் 9 நிமிடம் 25.6 விநாடி. பந்தயத்தில் எடுத்த சிறந்த நேரம் 9 நிமிடம் 17.4 விநாடி. தம் சொந்த வேகத்தையே எட்டு விநாடி விஞ்சினார். இறுதிக்கு முந்தைய சுற்றில் காலின்ஸையும் ஹாதோர்னையும் அடுத்தடுத்துக் கடந்து, 3.6 விநாடி இடைவெளியில் வென்றார். ஐந்தாவது உலகப் பட்டம் உறுதியானது. வயது 46. அந்த வயதில் உலக சாம்பியன் ஆனவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஐந்து பட்டங்கள் என்ற அவருடைய எண்ணிக்கையை மைக்கேல் ஷூமாக்கர் 2003-இல்தான் கடந்தார். பங்கேற்ற 51 உலகப் பட்டப் பந்தயங்களில் 24 வெற்றிகள் என்ற அவருடைய விகிதத்தை, நீண்ட காலம் ஓட்டிய வேறு எவரும் நெருங்கியதில்லை.

1958 பிப்ரவரியில் கியூபாவின் ஹவானாவுக்குப் பந்தயம் ஓட்டச் சென்ற அவரை, ஃபிடல் காஸ்ட்ரோவின் இயக்கத்தினர் விடுதியிலிருந்து கடத்திச் சென்றார்கள். பந்தயம் முடிந்த பின் எந்தத் தீங்கும் இன்றி விடுவித்தார்கள். தம்மைக் கடத்தியவர்கள்மீது அவர் வன்மம் பாராட்டவில்லை. அதே ஆண்டு ஜூலை 6-இல் பிரான்ஸின் ரைம்ஸ் நகரில் தம் கடைசி உலகப் பட்டப் பந்தயத்தை ஓட்டி நான்காம் இடம் பெற்றார். முன்னணியில் இருந்த ஹாதோர்ன், அந்த மூத்தவரை ஒரு சுற்றுப் பின்தள்ளிக் கடக்கும் வாய்ப்பு வந்தபோது, மரியாதை கருதி வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அதே பந்தயத்தில் இத்தாலியின் லூய்ஜி மூஸ்ஸோ, 33 வயதில் உயிரிழந்தார். ஃபாஞ்சியோ அத்துடன் விலகினார். அவருக்கு அப்போது 47 வயது.

எந்த விதியும் அவரை வெளியேற்றவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எந்த அதிகாரியும் வயதைக் காட்டி உரிமத்தைப் பறிக்கவில்லை. தாமாக வந்தார், தாமாகப் போனார். போகும் நேரத்தை உணரும் தெளிவும் ஓட்டுநர் திறனின் ஒரு பகுதிதான் என்று நான் கருதுகிறேன்.

அவருக்குப் பின் வந்தவர்களும் இந்த ஏளனத்தைச் சந்தித்தார்கள். 1966-இல் ஆஸ்திரேலியாவின் ஜாக் பிராபமுக்கு 40 வயது ஆனபோது, பத்திரிகைகள் அவரைக் கிழவர் என்று கேலி பேசின. நெதர்லாந்துப் பந்தயத்தின் தொடக்க வரிசைக்கு அவர் பொய்த்தாடி ஒட்டி, கைத்தடி ஊன்றித் தள்ளாடியபடி வந்தார். பிறகு வண்டியில் அமர்ந்து பந்தயத்தை வென்றார். அந்த ஆண்டின் உலகப் பட்டமும் அவருக்கே. 1978-இல் அதே பிராபமும் 67 வயது ஃபாஞ்சியோவும் ஆஸ்திரேலியாவின் சாண்டவுன் தடத்தில் பழைய கார்களில் காட்சி ஓட்டம் நடத்தினார்கள்.

ஓய்வுக்குப் பின் ஃபாஞ்சியோ மெர்சிடீஸ் கார்களின் வணிகத்தில் ஈடுபட்டு, அந்நிறுவனத்தின் அர்ஜென்டீனக் கிளைக்குத் தலைவராகவும் ஆனார். 1982-இல் அவருடைய இதயத்துக்கு மாற்றுக் குழாய் அறுவைச் சிகிச்சை நடந்தது. செய்தவர், அந்தச் சிகிச்சை முறைக்கு உலகில் வழிகாட்டியவரான அர்ஜென்டீன மருத்துவர் ரெனே ஃபாவலோரோ. 1986-இல் பால்கார்சேயில் அவர் பெயரில் மோட்டார் பந்தய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1995 ஜூலை 17-இல், 84 வயதில் மறைந்தார். சொந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இனி கார்ட்டுக்கு வருவோம். 1956-இல், ஃபாஞ்சியோ நான்காவது பட்டத்தை வென்ற அதே ஆண்டில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் இரும்புக் குழாய்களை வளைத்து, புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி, முதல் கார்ட்டை உருவாக்கினார். அவரும் அவருடைய நண்பர்களும் வளர்ந்த மனிதர்கள். தங்கள் மகிழ்ச்சிக்காகவே வாகன நிறுத்துமிடங்களில் அதை ஓட்டினார்கள். இன்று உலக சாம்பியன்களின் தொடக்கப் பள்ளியாகக் கருதப்படும் அந்த வண்டி, பெரியவர்களின் பொழுதுபோக்காகவே பிறந்தது. மூத்தவர்கள் கார்ட் தடத்தில் விருந்தாளிகள் அல்லர். ஒருவகையில் அவர்களே வீட்டுக்காரர்கள்.

ஆனாலும் உடலின் கணக்கை மறுக்க முடியாது. கார்ட்டில் அதிர்வுதாங்கி கிடையாது. இருக்கைப் பட்டை கிடையாது. தடத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் விலா எலும்பில் நேராகப் பதிகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய ஓட்டம் திங்கட்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழும்போது தெரியும், எனக்கும் தெரிந்திருக்கிறது. பதினெட்டு வயது இளைஞருக்கு ஒரு வாரத்தில் ஆறும் விலாக் காயம் ஐம்பது வயதுக்காரருக்கு மாதக்கணக்கில் நோகும். அவர் மறுநாள் வேலைக்கும் போக வேண்டும். பரிசுக்காக உயிரைப் பணயம் வைக்கும் இளைஞரோடு அவரை ஒரே வளைவில் முட்டவிடுவது நியாயமாகாது. தனிப் பிரிவு தேவைப்படுவது இதனால்தான்.

ஃபாஞ்சியோ அரிதான மேதை, அவரைக் காட்டிப் பொதுவிதி செய்யலாகாது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரிதான். ஞாயிறுதோறும் கார்ட் ஓட்டும் நாங்கள் எவரும் ஃபாஞ்சியோ அல்லோம். விதி பெரும்பான்மையை எண்ணித்தான் எழுதப்பட வேண்டும். ஆனால், நல்ல விதி என்பது பெரும்பான்மையைக் காக்கும்போதே அரிதானவருக்கு வழியை அடைக்காமல் இருக்க வேண்டும். அவருடைய வாழ்விலிருந்து நான்கு செய்திகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கீழ் வரம்பு இருக்கட்டும். மேல் வரம்பு வேண்டாம். மூத்தோர் பிரிவில் சேர 32 என்றோ 35 என்றோ ஓர் எல்லை வகுப்பது அப்பிரிவின் இயல்பைக் காக்கும். ஓட்டுநர் எண்ணிக்கை குறைவான சிறு மன்றங்களில் எல்லையை உயர்த்தினால் பிரிவே காலியாகிவிடும். பெரிய மன்றங்களில் தாழ்த்தினால் ஐம்பது வயதுக்காரர் தம் மகன் வயதினரோடு போராட நேரும். எண்ணிக்கை மிகும் இடங்களில் 50-க்கு மேற்பட்டோருக்கு அதே பந்தயத்துக்குள் தனிப் புள்ளிப் பட்டியலும் தனிக் கோப்பையும் வைக்கலாம். அதற்குத் தனித் தடமோ தனி நேரமோ தேவையில்லை. இத்தனை வயதுக்கு மேல் வராதே என்ற பலகை மட்டும் எங்கும் வேண்டாம்.

இரண்டாவது, வயதோடு அனுபவத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். எட்டு வயதில் தொடங்கி, தொழில்முறையாகப் பந்தயம் ஓட்டி, 32 வயதில் மூத்தோர் பிரிவுக்கு இறங்கி வரும் ஒருவரும், 50 வயதில் முதன்முறையாகத் தலைக்கவசம் அணியும் ஒருவரும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். ஐரோப்பாவுக்குச் சென்ற 38 வயது ஃபாஞ்சியோவை வயதை மட்டும் பார்த்து மூத்தோர் பிரிவில் சேர்த்திருந்தால் மற்றவர்களின் கதி என்ன? நெடுந்தூரக் கார் பந்தயங்களில் சர்வதேசக் கூட்டமைப்பு, சாதனையையும் வயதையும் சேர்த்துப் பார்த்து ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என நான்காகப் பிரிக்கிறது. அதன் எளிய வடிவம் ஒன்றைக் கார்ட் மன்றங்களும் பின்பற்றலாம். அண்மை ஆண்டுகளில் தொழில்முறையாக ஓட்டியவர், வயது எதுவாயினும், பொதுப் பிரிவில் ஓட்டட்டும்.

மூன்றாவது, தகுதியை மருத்துவர் முடிவு செய்யட்டும். இதயம், இரத்த அழுத்தம், கண்பார்வை, கழுத்து ஆகியவற்றுக்கான பரிசோதனை, குறிப்பிட்ட வயதுக்கு மேல் ஆண்டுதோறும் கட்டாயமாகலாம். அதில் தேறியவரிடம் வேறு கேள்வி கேட்கக் கூடாது. தேறாதவருக்குச் செல்வாக்கு பார்த்து விலக்கும் அளிக்கக் கூடாது. மான்ஸாவின் பாடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவு முழுவதும் பயணம் செய்து வந்தவரைக் காலையில் தடத்தில் இறக்கும் நிர்வாகி, வயதுவரம்பு பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

நான்காவது, மூத்தோர் பிரிவு ஓர் உரிமையாக இருக்கட்டும். கட்டாயமாக மாற வேண்டாம். 45 வயதுக்காரர் ஒருவருக்கு இளைஞர்களோடு பொதுப் பிரிவில் மோதிப் பார்க்கும் ஆசையும் வேகமும் இருந்தால், அவரை மூத்தோர் பிரிவுக்குத் தள்ளிவிட எந்த விதிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. நூர்பர்க்ரிங்கில் ஹாதோர்னையும் காலின்ஸையும் துரத்திய மனிதர், மூத்தோருக்கான பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை.

இந்தச் சட்ட நுணுக்கங்கள் சிறிய பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றியவை என்று தோன்றலாம். ஆனால், ஓய்வு பெறும் வயது, வேலைக்குச் சேரும் வயது, கற்கும் வயது என்று வாழ்வின் ஒவ்வொரு வாசலிலும் ஓர் எண்ணைத் தொங்கவிட நாம் பழகிவிட்டோம். எண் எளிது; மனிதரை ஆராய்வது கடினம். அதனால் எண்ணையே நம்புகிறோம். பால்கார்சேயின் அந்த மெக்கானிக்கிடம் 25 வயதில் நீ தாமதமாக வந்துவிட்டாய் என்றும், 37 வயதில் போதும் நிறுத்து என்றும், 40 வயதில் கழுத்து முறிந்தபோது இனி முடியாது என்றும் ஒரு விதி சொல்லியிருந்தால், உலகம் இழந்திருக்கக் கூடியவை ஐந்து பட்டங்கள்.

அடுத்த பருவத்துக்கான விதிப் புத்தகத்தை எழுத அமரும் மன்ற நிர்வாகிகள், வயது என்ற கட்டத்தில் எண்ணை நிரப்பும் முன் அந்தக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதட்டும்.